வசதி குறைந்த மருத்துவமனைகளில் திறமூல நோயாளிப் பதிவேடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மருத்துவமனைகளிலிருந்தும், மென்பொருள் துறையிலிருந்து இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கும் இளைஞர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பெரும்பாலும் ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற திறமூல (மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும்) நோயாளிப் பதிவேட்டு மென்பொருளை வைத்தே பேசப்படுகிறது. இத்துறையில் பல நாடுகளில், நீண்ட காலமாகப் புழங்கிவருவது அது. எப்படி நிறுவுவது என்பதற்கு வேறு கையேடுகள் உள்ளன. நிறுவிய பிறகு பத்தாண்டு தாக்குப்பிடிக்க என்ன வேண்டும் என்பதே இங்கே பொருள்.

ஓப்பன்எம்ஆர்எஸ் எங்கே, எதற்காகத் தொடங்கப்பட்டது?

மேற்குக் கென்யாவின் எல்டோரெட் நகரத்தில் தொடங்கியது எனலாம். அங்கே மோய் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆம்பாத் என்னும் எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டத்தில் நோயாளிகளின் எண்ணிக்கை மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. அருகிலிருந்த மொசோரியோட் கிராமச் சுகாதார நிலையத்தில் 2001இல் மைக்ரோசாஃப்ட் அக்சஸைக் கொண்டு ஒரு சிறு பதிவேடு உருவாக்கப்பட்டிருந்தது. ஒரு நிலையத்துக்கு அது போதும், பல ஊர்களில் பரவும் ஒரு திட்டத்துக்குப் போதாது. 2004இல் எல்டோரெட் சென்று நிலைமையைக் கண்ட ரீஜன்ஸ்ட்ரீஃப் ஆய்வு நிறுவனத்தின் மருத்துவர்கள் பர்க் மாம்லினும் பால் பியாண்டிச்சும் புதிய தரவு மாதிரி ஒன்றை, அதாவது தகவல்களை எப்படி அடுக்கிவைப்பது என்ற வரைவை, உருவாக்கினார்கள். பெருவிலும் ஹைட்டியிலும் தனக்கென்று பதிவேடுகள் எழுதி நடத்திவந்த பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பும், தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உடன் சேர்ந்தன. 2006 பிப்ரவரியில் எல்டோரெட்டிலும், அதே ஆண்டில் ருவாண்டாவின் ருவின்க்வாவு மருத்துவமனையிலும் அது நடைமுறைக்கு வந்தது. இன்று 40க்கும் மேற்பட்ட நாடுகளில் அது பயன்பாட்டில் உள்ளது. கென்யா, உகாண்டா, நைஜீரியா, மொசாம்பிக், ஹைட்டி போன்ற நாடுகள் தத்தம் தேவைக்கேற்பத் தனித் தொகுப்புகளை அதன்மேல் கட்டியுள்ளன.

சந்தையில் கிடைக்கும் மருத்துவமனை மென்பொருளை வாங்கிவிடலாமே?

வாங்கலாம், வாங்கிய பல மருத்துவமனைகள் நன்றாகவே நடக்கின்றன. ஆனால் பெரும்பாலான வணிக மென்பொருட்கள் பில் போடுவதை மையமாக வைத்துப் பிறந்தவை. எச்.ஐ.வி.க்கு இலவச சிகிச்சை தரும் ஓர் ஏ.ஆர்.டி. மையத்துக்கு வேண்டியது பில் அல்ல. மூன்று மாதமாக மருந்து வாங்க வராதவர் யார், காசநோய் மருந்தையும் எச்.ஐ.வி. மருந்தையும் சேர்த்து உட்கொள்பவர் யார், சளிப் பரிசோதனை முடிவு வராதவர் யார் என்ற பட்டியல்களே அதற்கு வேண்டும். உரிமக் கட்டணம் ஒரு காரணம் மட்டுமே. நிதி தந்த அமைப்பு விலகிய பின்னும் மூலநிரல் கையில் இருக்கிறது, தரவுத்தளத்தை யாரிடமும் அனுமதி கேட்காமல் திறந்து படிக்கலாம் என்பதே எங்கள் கணக்கில் பெரிய காரணம்.

கருத்துரு அகராதி என்று எல்லோரும் சொல்வது என்ன? அது ஏன் இவ்வளவு முக்கியம்?

இதை நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றவை பாதி புரிந்துவிடும். சாதாரணமாக ஒரு பொறியாளர் நோயாளிப் பதிவேடு எழுதினால், எடைக்கு ஒரு பத்தி, இரத்த அழுத்தத்துக்கு இரண்டு பத்தி, ஹீமோகுளோபினுக்கு ஒரு பத்தி என்று அட்டவணை அமைப்பார். ஆறு மாதம் கழித்து மருத்துவர் புதிதாக ஒரு பரிசோதனையைச் சேர்க்கச் சொன்னால் அட்டவணையை மாற்ற வேண்டும், நிரலை மாற்ற வேண்டும், அறிக்கைகளையும் மாற்ற வேண்டும். ஓப்பன்எம்ஆர்எஸ் இந்த வழியில் போகவில்லை. மருத்துவர் கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்வியும், அதற்கு வரக்கூடிய ஒவ்வொரு விடையும் கருத்துரு என்ற பெயரில், அகராதியில் ஓர் எண்ணுடன் இருக்கும். நோயாளியைப் பற்றி அறிந்தவை அனைத்தும் ஒரே அட்டவணையில் வரிவரியாகச் சேரும்.

ஒரு பெண்ணின் எடை 52.5 கிலோ என்று செவிலியர் பதிகிறார் என்று வைத்துக்கொள்வோம். தரவுத்தளத்தில் விழும் வரியில் அந்தப் பெண்ணின் உள் எண், அன்றைய சந்திப்பின் எண், நேரம், கருத்துரு எண் 5089, எண் மதிப்பு 52.5, பதிந்தவர் யார் என்பவை இருக்கும். 5089 என்றால் கிலோவில் எடை, 5085 மேல் இரத்த அழுத்தம், 5086 கீழ் இரத்த அழுத்தம், 5497 சி.டி.4 என்னும் நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை. இவை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பராமரிக்கப்பட்டுவந்த சியல் என்ற அகராதியின் எண்கள். ஒவ்வொரு கருத்துருவுக்கும் பல மொழிகளில் பெயர் வைக்கலாம், ஐ.சி.டி., ஸ்னோமெட், லாய்ங்க் போன்ற பன்னாட்டுக் குறியீடுகளோடு இணைப்பும் அதிலேயே உண்டு. புதிய பரிசோதனை வந்தால் அகராதியில் ஒரு பதிவு சேர்த்தால் போதும், நிரலைத் தொட வேண்டியதில்லை.

வசதி இவ்வளவு இருப்பதால்தான் ஆபத்தும் இருக்கிறது. அகராதியில் சேர்ப்பது எளிது என்பதால் ஆளாளுக்குச் சேர்க்கிறார்கள். ஒரு மருத்துவமனையில் ‘எடை’, ‘உடல் எடை’, ‘எடை கிலோ’ என்று மூன்று கருத்துருக்கள் உருவாகி, மூன்று படிவங்கள் மூன்றையும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், ஒரு குழந்தையின் வளர்ச்சி வரைபடத்தில் பாதிப் புள்ளிகள் காணாமற்போகும். மென்பொருளில் பிழையே இல்லை. ஆனாலும் திரையில் தெரிவது பொய். பொது அகராதியிலிருந்து எடுத்துப் பயன்படுத்துவதும், அங்கே இல்லாததை மட்டும் உள்ளூரில் உருவாக்குவதும், உருவாக்கியதைப் பொது அகராதிக்கு முன்மொழிவதும் ஒருவரின் அன்றாடப் பொறுப்பாக எழுதித் தரப்பட வேண்டும். எங்கள் கருத்தில், ஒரு நிறுவல் வலுவானதா என்று அறிய அகராதியை யார் கவனிக்கிறார் என்ற ஒரு கேள்வியே போதும். பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் மற்றதை விசாரிக்க வேண்டியதில்லை.

காகிதத்தில் எழுதிப் பின்னர் தட்டச்சு செய்வதா, மருத்துவர் நேரடியாகக் கணினியில் பதிவதா?

கணினி நிறுவனங்கள் சொல்வதுபோல் இரண்டாவது வழிதான் எப்போதும் உயர்ந்தது என்று சொல்ல முடியாது. ஒரு நாளில் 80 பேரைப் பார்க்கும் மருத்துவ அலுவலரிடம், ஒவ்வொருவருக்கும் நான்கு திரைகளை நிரப்பச் சொன்னால் அவர் நிரப்பமாட்டார், அல்லது எல்லாருக்கும் ஒரே விடையை நிரப்புவார். எல்டோரெட்டில் தொடக்கத்தில் காகிதப் படிவத்தில் மருத்துவர் எழுதியதை டேட்டா என்ட்ரி ஊழியர்கள் பின்னர் பதிந்தார்கள். ஆனால் அந்தத் தரவை அப்படியே அறிக்கைக்கு மட்டும் அனுப்பிவிடாமல், அடுத்த முறை நோயாளி வரும்போது ஒரு சுருக்கத் தாளை அச்சிட்டுக் கோப்பின் மேல் வைத்தார்கள். கடைசி சி.டி.4 எண்ணிக்கை, தற்போதைய மருந்துகள், இன்று செய்ய வேண்டியது ஆகியவை அதில் இருக்கும். எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளின் சிகிச்சையில் இத்தகைய நினைவூட்டல்களின் பயனை அங்கேயே ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள்: நினைவூட்டல் கண்ட மருத்துவர்கள் தவறவிடப்பட்டிருந்த பணிகளில் 68 விழுக்காட்டை முடித்தார்கள், காணாதவர்கள் முடித்தது 18 விழுக்காடு. அத்தனையும் அச்சடித்த காகிதத்தில் நடந்தது.

மலாவி வேறு வழியில் போயிற்று. பாவோபாப் என்ற அமைப்பு அங்கே தொடுதிரையை மேசையில் வைத்து, ஒரு திரைக்கு ஒரு கேள்வி, பெரிய பொத்தான்கள் என்று அமைத்தது. தட்டச்சுப் பழகாத செவிலியரும் நோயாளி எதிரில் அமர்ந்திருக்கும்போதே அதில் பதிய முடிந்தது. ஆக, திரையை மருத்துவமனையின் ஓட்டத்துக்கு ஏற்ப வடிவமைக்கப் பொறுமை இருந்தால் நேரடிப் பதிவுக்குப் போகலாம். பொறுமை இல்லையென்றால் காகிதமே மேல். ஆனால் பதிந்த தரவு சுருக்கத் தாளாக மருத்துவரிடம் திரும்பி வர வேண்டும். தரவு ஒருவழிப் பாதையில் மேலிடத்துக்கு மட்டும் போகும் இடங்களில் படிவங்களின் தரம் கெடுவதைத் தடுக்கவே முடியாது, ஏனெனில் எழுதுபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மின்சாரமும் இணையமும் நிலையில்லாத இடத்தில் இது எப்படி வேலை செய்யும்?

சர்வரை மருத்துவமனைக்குள்ளேயே வைத்து, உள்ளூர் வலையமைப்பில் இயக்குவதே பழகிய வழி. குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறு கணினி ஒன்று, பேட்டரி, ஒரு ரௌட்டர் இருந்தால் இணையம் இல்லாமலே நாள் முழுதும் பதியலாம். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு நொடியில் சர்வர் அணைந்து எழுவது தரவுத்தளத்துக்கு நல்லதல்ல, இடையில் யு.பி.எஸ். வேண்டும். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் பழுதுபட்ட தரவுத்தளங்களில் எத்தனை இப்படி உண்டானவை என்பது பராமரிப்பவர்களுக்குத் தெரியும்.

பல நிலையங்களின் தரவை மையத்தில் சேர்ப்பது இதைவிடக் கடினமானது. ருவாண்டாவில் கிளை நிலையங்களின் சர்வர்கள் இணைப்புக் கிடைக்கும்போது தாய் சர்வரோடு மாற்றங்களைப் பரிமாறிக்கொள்ளும் முறை எழுதப்பட்டது. ஒவ்வொரு பதிவுக்கும் உலகளவில் தனித்த 36 எழுத்து அடையாளம் இருப்பதால்தான் இரண்டு சர்வர்களின் பதிவுகள் மோதாமல் சேர முடிகிறது. ஆனால் ஒரே நோயாளியின் மருந்தை இரண்டு நிலையங்களில் ஒரே நாளில் மாற்றினால் எது செல்லும் என்பதை மென்பொருள் தானாக முடிவு செய்ய முடியாது. முன்கூட்டியே விதி எழுதிவைக்க வேண்டும்.

இடச்சூழலுக்கு ஏற்ப வளைந்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டு எபோலா. 2014–15இல் சியரா லியோனின் சிகிச்சை மையங்களில் நோய்ப் பகுதிக்குள் எழுதிய காகிதத்தை வெளியே கொண்டுவரக் கூடாது. வேலிக்கு அப்பால் நிற்பவரிடம் கத்திச் சொல்லி எழுதவைத்தார்கள். கெர்ரி டவுன் மையத்துக்காக ஓப்பன்எம்ஆர்எஸ்ஸின் மேல் டேப்லெட் செயலி ஒன்று உருவாக்கப்பட்டது. முழுக்கவச உடையில், தடித்த கையுறையோடு, வியர்த்து மங்கிய கண்ணாடி வழியே பார்ப்பவர் அழுத்தும்படியாகப் பொத்தான்கள் இருந்தன. அடிப்படைத் தரவு மாதிரி முன்பே தயாராக இருந்ததால்தான் அந்த அவசரத்தில் இதைச் செய்ய முடிந்தது.

ஒரே நோயாளிக்கு இரண்டு மூன்று பதிவுகள் உண்டாவதை எப்படித் தடுப்பது?

முழுவதும் தடுக்க முடியாது, குறைக்கலாம். முதல் காவல், நோயாளி எண்ணின் கடைசியில் சேர்க்கும் சரிபார்ப்பு இலக்கம். எடுத்துக்காட்டாக 10482 என்ற எண்ணுக்கு லுன் முறைப்படி, வலக்கோடியிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டித்து (இரண்டு இலக்கம் வந்தால் அவற்றைக் கூட்டி ஒன்றாக்கி), எல்லாவற்றையும் கூட்டினால் 22 வரும். அடுத்த பத்தின் மடங்கான 30க்கு 8 தேவை. ஆகவே அட்டையில் 10482-8 என்று அச்சிடப்படும். ஊழியர் அவசரத்தில் 10842-8 என்று தட்டினால், அந்த எண்ணுக்குரிய இலக்கம் 3 என்பதால் திரை ஏற்க மறுக்கும். ஓர் இலக்கம் தவறினால் இது கட்டாயம் கண்டுபிடிக்கும். அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினாலும், 0ம் 9ம் தமக்குள் மாறிய ஒரு நிலை தவிர, கண்டுபிடித்துவிடும்.

பெயர் விஷயம் சிக்கலானது. மென்பொருள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று கேட்கும். நம்மவர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. ஒருமுறை தந்தை பெயரின் முதலெழுத்தையும், மறுமுறை கணவர் பெயரையும், இன்னொரு முறை புள்ளி ஒன்றையும் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போடுவார்கள். தமிழ்நாட்டிலோ இலங்கையின் தமிழ்ப் பகுதிகளிலோ நிறுவுகிறவர்கள், அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதை முதல் நாளிலேயே ஒரு பக்க விதியாக எழுதிப் பதிவு மேசையில் ஒட்டிவிடுவது நல்லது. வயதுக்கும் இதேபோல்: பிறந்த தேதி தெரியாத முதியவருக்குத் தோராய வயதைத் தந்தால், மென்பொருள் ஒரு தேதியை வைத்து, அது மதிப்பிடப்பட்டது என்ற குறியையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறியைப் பார்க்காமல் இரண்டு பதிவுகளின் பிறந்த தேதி வேறு, ஆகவே ஆட்கள் வேறு என்று முடிவு கட்டக் கூடாது.

தவறாகப் பதிந்ததை அழிக்க முடியுமா?

திரையிலிருந்து நீக்கலாம், தரவுத்தளத்திலிருந்து அது போகாது. செல்லாதது என்று குறிக்கப்பட்டு, யார், எப்போது, எந்தக் காரணத்துக்காகச் செல்லாததாக்கினார் என்பதோடு அங்கேயே இருக்கும். மருத்துவப் பதிவில் இதுதான் முறை. காகிதக் கோப்பிலும் தவறை ஒரு கோடு இழுத்துக் கையொப்பமிடுவோமே தவிர வெள்ளை மை பூசுவதில்லை.

பாஹ்ம்னி என்பது வேறு மென்பொருளா?

ஓப்பன்எம்ஆர்எஸ்ஸை உள்ளடக்கிய முழு மருத்துவமனைத் தொகுப்பு அது. சத்தீஸ்கரின் பிலாஸ்பூருக்கு அருகே கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் கிராம மருத்துவமனைக்காக தாட்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தினர் 2012–13 காலத்தில் இதை உருவாக்கத் தொடங்கினார்கள். மருத்துவப் பதிவுக்கு ஓப்பன்எம்ஆர்எஸ், ஆய்வகத்துக்கு ஓப்பன்எலிஸ், மருந்து இருப்புக்கும் பில்லுக்கும் ஓடூ, எக்ஸ்ரே படங்களுக்கு டிசிஎம்4சீ என்று தனித்தனியாக இருந்த திறமூல மென்பொருட்களை ஒரே முகப்பின்கீழ்க் கொண்டுவந்தது அதன் சிறப்பு. உள்நோயாளிப் பிரிவும் ஆய்வகமும் மருந்தகமும் உள்ள மருத்துவமனை என்றால் இதுவே பொருத்தமானது. இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தோடும், அதன் ஆபா என்னும் 14 இலக்கச் சுகாதார எண்ணோடும் இணைவதற்கான வசதியும் இதற்கு உண்டு.

நிர்வகிப்பவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பதிவு மேசையில் சேர்த்த நோயாளி, மருந்தகத் திரையில் தோன்றுவது உள்ளே ஓடும் ஒரு செய்தி ஓடை வழியாகத்தான். ஏதேனும் ஒரு செய்தி சிக்கிக்கொண்டால், அது தோல்வியுற்ற நிகழ்வுகள் என்ற அட்டவணையில் போய் அமைதியாக உட்கார்ந்துவிடும். மருந்தகத்தில் நிற்கும் நோயாளியிடம் உங்கள் பெயர் இல்லை என்பார்கள். அந்த அட்டவணையைத் தினமும் காலையில் ஒருவர் பார்க்கும் பழக்கம் உள்ள மருத்துவமனைகளில் இந்தப் புகார் எழுவதில்லை.

மூலநிரலை எங்கள் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு தனியாகப் போனால் என்ன கெடுதல்?

முதல் இரண்டு ஆண்டுகள் எந்தக் கெடுதலும் தெரியாது, அதுதான் சிக்கல். திறமூலம் என்றதும் பலர் புரிந்துகொள்வது எதையும் மாற்றலாம் என்ற உரிமையை. உரிமை உண்மைதான், மொசில்லா பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு அதைத் தருகிறது. ஆனால் மைய நிரலுக்குள் கைவைத்து மாற்றிய நாள்முதல், மையத்தில் வரும் ஒவ்வொரு திருத்தத்தையும் நீங்களே பொருத்திப் பார்க்க வேண்டியவராகிறீர்கள். நிதி உள்ளவரை இரண்டு நிரலாளர்கள் அதைச் செய்வார்கள். நிதி முடிந்ததும் அவர்கள் போய்விடுவார்கள். மருத்துவமனை பழைய பதிப்பிலேயே நின்றுவிடும்.

ஓப்பன்எம்ஆர்எஸ்ஸின் வரலாற்றில் இது நடந்த இடங்களைச் சுட்டிக்காட்டலாம். தொடக்க ஆண்டுகளில் படிவங்கள் மைக்ரோசாஃப்ட்டின் இன்ஃபோபாத்தில் வரையப்பட்டன. இலவச மென்பொருளுக்குப் படிவம் வரையக் காசு கொடுத்து மென்பொருள் வாங்கவேண்டிய விசித்திரம். 2014இல் இன்ஃபோபாத்தையே நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது, அதற்குள் எச்டிஎம்எல் (வலைப்பக்க) படிவங்களுக்கு மாறியிருந்தவர்கள் தப்பித்தார்கள். அதே ஆண்டு வெளிவந்த 1.10 பதிப்பில் மருந்துச் சீட்டின் தரவு மாதிரி மாறியது. அதற்கு முன் மருந்தின் அளவு அலகைக் கையால் எழுதும் சொல்லாக வைத்திருந்தார்கள். ஒருவர் ‘மாத்திரை’ என்பார், ஒருவர் ‘மா.’ என்பார், இன்னொருவர் ஒருமையில், மற்றவர் பன்மையில். புதிய பதிப்பு, இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் எந்தக் கருத்துருவைக் குறிக்கும் என்று ஒரு கோப்பில் எழுதித் தந்தாலொழிய மேம்பட மறுத்தது. நோயாளியின் பாதுகாப்புக்கு அந்தப் பிடிவாதம் சரியே. பின் 2016இல் வந்த 2.0 பதிப்பு பழைய முகப்பை மையத்திலிருந்து பிரித்துத் தனிக் கூறாக்கியது, ஜாவா நிரல்மொழியின் 8ஆம் பதிப்பு வேண்டும் என்றது. ஒவ்வொரு படியையும் அது வந்தபோதே ஏறியவர்களுக்கு ஒவ்வொன்றும் சில வார வேலை. நான்கு படிகளைத் தள்ளிப்போட்டவர்களுக்கு அது ஒரு புதிய திட்டம், புதிய நிதி விண்ணப்பம்.

ஆகவே வழி இது: மையத்தைத் தொடாதீர்கள். உங்கள் தேவையைத் தனிக் கூறாக எழுதுங்கள். அதற்காகவே இந்த மென்பொருள் கூறுகளாகக் கட்டப்பட்டுள்ளது. மூன்றாம் தலைமுறை முகப்பிலும் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாக ஏற்றப்படும் சிறு செயலிதான். பெரும்பாலான மாற்றங்களை அமைப்புக் கோப்பிலேயே முடித்துவிடலாம். மையத்தில் பிழை கண்டால் உங்கள் நகலில் மட்டும் திருத்தாமல் மையத்துக்கே திருத்தத்தை அனுப்புங்கள். ஏற்கப்பட இரண்டு மாதம் ஆகலாம், கேள்விகள் கேட்பார்கள், சோதனை எழுதச் சொல்வார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஏற்கப்பட்ட பின் அந்தத் திருத்தத்தைப் பராமரிக்கும் சுமை உங்களுடையது மட்டுமல்ல.

திறமூலம் என்றால் எல்லாருக்கும் ஓட்டை தெரியுமே, பாதுகாப்பு எப்படி?

ஓட்டை தெரிவதில் ஆபத்து இல்லை. தெரிந்த பின்னும் அடைக்காமல் இருப்பதில்தான். 2018இல் ஓப்பன்எம்ஆர்எஸ்ஸின் இணையச் சேவைக் கூறில் மிகக் கடுமையான ஒரு குறை கண்டறியப்பட்டது: கடவுச்சொல்லே இல்லாமல், வெளியிலிருந்து ஒரு கோரிக்கையை அனுப்பி, சர்வரில் தாம் விரும்பிய கட்டளையை ஓடவைக்க முடியும். கண்டுபிடித்த பாதுகாப்பு நிறுவனம் முதலில் திட்டத்தாரிடம் சொல்லி, திருத்தம் வந்த பிறகே, 2019 தொடக்கத்தில், விவரத்தை வெளியிட்டது. அந்தக் கூறின் 2.24.0 பதிப்புக்கு மாறியவர்களுக்குப் பிரச்சினை தீர்ந்தது. மாறாதவர்களுக்கு, தாக்கும் முறை இப்போது ஊரறிந்தது. முந்தைய கேள்வியின் விடை இங்கேயும் பொருந்தும் என்பதைக் கவனியுங்கள்.

இதைவிடச் சாதாரணமான ஆபத்து ஒன்று உண்டு. சோதனை நிறுவலுக்கென்று ஆவணங்களில் அச்சிடப்பட்டிருக்கும் நிர்வாகிக் கடவுச்சொல் உலகறிந்தது. அதை மாற்றாமலே நடக்கும் மருத்துவமனைகள் உண்டு. பதிவு மேசை ஊழியர் அனைவரும் ஒரே கணக்கில் நுழைவதும் அப்படித்தான். யார் பதிந்தார் என்ற தடம் அதனால் பொருளற்றுப் போகிறது. காப்பு நகல் தினமும் எடுக்கப்படுகிறது என்று சொல்பவரிடம், கடைசியாக எப்போது அதை வேறொரு கணினியில் ஏற்றித் திறந்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். கென்யாவில் 2019, இலங்கையில் 2022, இந்தியாவில் 2023 ஆகிய ஆண்டுகளில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. எச்.ஐ.வி. பதிவேடு கசிந்தால் வரும் சட்டச் சிக்கலைவிட, ஒரு கிராமத்தில் ஒரு குடும்பத்துக்கு அது செய்வது பெரியது.

மாத அறிக்கைக்கு இதிலிருந்து நேரடியாக எண்கள் எடுக்க முடியுமா?

முடியும், ஆனால் நேரடியாக எடுக்காமல் இருப்பது நல்லது. எல்லாம் ஒரே அட்டவணையில் வரிவரியாக இருப்பதால், பத்துத் தகவல்களை ஒரு நோயாளிக்கு ஒரு வரியாக அடுக்க அந்த அட்டவணையைப் பத்து முறை தன்னோடு இணைக்க வேண்டும். பதிவுகள் கோடிக்கணக்கில் சேர்ந்த இடங்களில் இப்படி ஒரு அறிக்கையை வெளிநோயாளி நேரத்தில் ஓட்டினால் பதிவு மேசையின் திரை உறைந்துவிடும். இரவில் தரவைத் தட்டையான அட்டவணைகளாக மாற்றிவைத்து, அறிக்கைகளை அங்கிருந்து எடுப்பதே பெரிய நிறுவல்களின் வழக்கம்.

மாவட்ட அளவிலான தொகை எண்களுக்கு ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் டிஹெச்ஐஎஸ்2 என்ற மென்பொருள் பல நாடுகளில் உள்ளது. 2020 ஜனவரியில், கோவிட் பரவத் தொடங்கிய வேளையில், நாட்டுக்குள் வருபவர்களைக் கண்காணிக்க அதைத் தகவமைத்து முதலில் பயன்படுத்தியது இலங்கை. அந்த அமைப்பைப் பின்னர் பிற நாடுகள் எடுத்துக்கொண்டன. தனி நோயாளியின் பதிவு ஓப்பன்எம்ஆர்எஸ்ஸிலும், தொகை எண் டிஹெச்ஐஎஸ்2விலும் என்று பிரித்து, இரண்டையும் தானாக இணைத்தால், மாதக் கடைசியில் பதிவேட்டைப் பார்த்துக் கோடு போட்டு எண்ணும் வேலை செவிலியருக்கு இருக்காது.

பணம் எங்கிருந்து வருகிறது? நின்றுவிட்டால்?

இதுவரை பெரும்பகுதி எச்.ஐ.வி. நிதியிலிருந்து வந்தது. 2003இல் தொடங்கிய அமெரிக்காவின் பெப்ஃபார் திட்டம் ஆப்பிரிக்க நாடுகளில் சிகிச்சைக்குப் பணம் தந்ததோடு, அதற்குக் கணக்கும் கேட்டது. கணக்குக் கொடுக்கப் பதிவேடு தேவைப்பட்டது. பதிவேடுகள் எச்.ஐ.வி. பிரிவில் செழித்து, பக்கத்து அறையிலுள்ள பிரசவப் பிரிவில் காகிதமே தொடர்ந்ததற்குக் காரணம் இதுதான். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளைத் திடீரென்று நிறுத்திவைத்ததும், அந்த ஆண்டின் நடுவில் யுஎஸ்எய்ட் என்ற அதன் உதவி அமைப்பு கலைக்கப்பட்டதும், இந்தப் பணத்தில் சம்பளம் பெற்ற பராமரிப்புக் குழுக்களை நேரடியாகத் தாக்கின. மென்பொருள் நிற்கவில்லை; உரிமம் காலாவதியாகவில்லை; சர்வர்கள் ஓடுகின்றன. ஆனால் பிழை வந்தால் அழைக்க எண் இல்லை என்ற நிலை பல இடங்களில் வந்தது.

இதிலிருந்து நாங்கள் பெற்ற முடிவு கடுமையானது: வெளி நிதி நின்ற அடுத்த மாதம் சம்பளம் தர முடியாத ஒருவரை நம்பி எந்த மருத்துவமனையும் இதைத் தொடங்கக் கூடாது. சுகாதாரத் துறையின் சொந்தப் பணியிடம் ஒன்றோ, மருத்துவமனையின் சொந்த வருவாயில் பாதிச் சம்பளமோ, எதுவாயினும் உள்ளூர்ப் பணம் வேண்டும். புதிய வசதிக்கு நிதி கேட்டால் கிடைக்கும். பராமரிப்புக்குக் கேட்டால் கிடைக்காது. ஆகவே புதிய வசதிக்கான ஒவ்வொரு விண்ணப்பத்திலும் பதிப்பு மேம்பாட்டுக்கும் அகராதிப் பராமரிப்புக்கும் ஒரு பங்கைச் சேர்த்தே எழுதுங்கள்.

வேறு திறமூல மென்பொருட்கள் இல்லையா?

உண்டு. லூயிஸ் பால்கோன் தொடங்கிய குனூ ஹெல்த், சமூக நலத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் முன்னிறுத்துவது. அமெரிக்காவில் பிறந்த ஓப்பன்இஎம்ஆர், சிறு மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் எளிது. உங்கள் வட்டாரத்தில் பக்கத்து மருத்துவமனை எதை இயக்குகிறதோ அதையே எடுப்பது பெரும்பாலும் அறிவுடையது.

நிரல் எழுதத் தெரிந்த மாணவர் எப்படிப் பங்களிக்கலாம்? தெரியாதவர்?

கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் ஓப்பன்எம்ஆர்எஸ் 2007 முதல் பங்கேற்றுவருகிறது. இலங்கையிலிருந்து, குறிப்பாக மொரட்டுவைப் பல்கலைக்கழகத்திலிருந்து, அதில் நுழைந்தவர்கள் பலர். அறிமுக நிலைக்கென்று குறிக்கப்பட்ட சிறு பிழைகளிலிருந்து தொடங்கலாம். எங்களைக் கேட்டால், புதிய திரை ஒன்றை எழுதுவதைவிட, ஏற்கெனவே உள்ள ஒரு கூறுக்குச் சோதனை எழுதுவதும், மேம்படுத்தும்போது எங்கே தடுக்கியது என்பதை ஆவணப்படுத்துவதும் இப்போது அதிகம் தேவை.

நிரல் தெரியாத செவிலியர், மருந்தாளுநர், மருத்துவர் ஆகியோரின் பங்கு இதைவிட அரிது. ஒரு படிவத்தில் எந்தக் கேள்வியை யாரும் நிரப்புவதில்லை, ஏன் நிரப்புவதில்லை என்று அவர்களால்தான் சொல்ல முடியும். நோயின் பெயருக்கும் அறிகுறிக்கும் தமிழில் நோயாளி சொல்லும் சொல் எது என்பதை அகராதியில் சேர்க்கவும் அவர்களே தகுதியானவர்கள்.

எங்கள் மருத்துவமனையில் தொடங்க விரும்புகிறோம். முதல் வேலை என்ன?

கணினி வாங்காதீர்கள். ஒரு வாரம் பதிவு மேசைக்கு அருகில் ஒருவரை உட்காரவைத்து, ஓ.பி. சீட்டு எந்தெந்தக் கைகள் வழியாகப் போகிறது, எங்கே தேங்குகிறது, எந்தப் பதிவேட்டில் எதை இரண்டாம் முறை எழுதுகிறார்கள் என்று குறிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு பிரிவைத் தேர்ந்தெடுங்கள். நோயாளி திரும்பத் திரும்ப வரும் பிரிவாக, அதாவது சர்க்கரை நோய், காசநோய், கர்ப்பகாலப் பரிசோதனை போன்றதாக இருக்கட்டும், ஏனெனில் பழைய பதிவின் பயனை அங்கேதான் மருத்துவர் உடனே உணர்வார். படிவத்தில் 20 கேள்விக்கு மேல் வைக்காதீர்கள். அந்தப் பிரிவு ஆறு மாதம் தடையின்றி ஓடி, ஒருமுறை பதிப்பு மேம்பாட்டையும், ஒருமுறை காப்பு நகலிலிருந்து மீட்பதையும் உங்கள் ஆட்களே செய்து முடித்த பிறகு, இரண்டாவது பிரிவைப் பற்றிப் பேசலாம்.